வயிறு ஏறும், தொடை இறங்கும்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வரும் கல்லீரல் நோயாளிகளுக்கு உணவுமுறை சொல்வது என் வேலை. பாம்பனோ, தொண்டியோ, எனக்கு முன்பே யாராவது பத்தியம் சொல்லி முடித்திருப்பார்கள். மீன் கூடாது, முட்டை கூடாது, எண்ணெய் ஆகவே ஆகாது. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு செய்து கொடுக்கத் தெரிந்த வீடு, கல்லீரல் சுருங்கியவருக்கு மோர்க்கஞ்சியை மட்டும் ஊற்றுகிறது.

"நாலு கிலோ கூடியிருக்கிறார் மேடம், தேறிவிட்டார்" என்றார் ஒரு மீனவரின் மனைவி. கூடியது வயிற்றில் கட்டிய நீர். வலை இழுத்த மனிதருக்குத் தோள் ஒட்டி, நெற்றிப்பொட்டு குழிந்திருந்தது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. இந்த நோயில் எடை இயந்திரத்தை நான் நம்புவதில்லை. கைப்பிடி வலுவைத்தான் பார்க்கிறேன்.

நல்ல கல்லீரல் இரவுக்கான சர்க்கரையைச் சேமித்து வைக்கும். தழும்பேறிய கல்லீரலில் அந்த இருப்பு குறைவு. உடல் தசையைக் கரைத்துச் சர்க்கரை செய்துகொள்கிறது. நமக்கு ஏறக்குறைய மூன்று நாள் பட்டினி செய்யும் வேலையை அவருக்கு ஒரே இரவு செய்துவிடும். புரதம் சிதையும்போது உண்டாகி, மூளையைக் குழப்பும் நச்சான அம்மோனியாவை அகற்றுவதில் கல்லீரலோடு தசைக்கும் பங்குண்டு. தசை கரைந்தால் மூளைக் குழப்பம் எளிதில் வரும். குழப்பத்துக்குப் பயந்து புரதத்தை நிறுத்துவது அதனால்தான் தலைகீழ் வைத்தியம். பழைய மருத்துவப் பாடங்களே அப்படிச் சொன்னதால் பக்கத்து வீட்டுக்காரரை மட்டும் திட்ட எனக்கு மனமில்லை.

நீர்க்கட்டின் எடையைக் கழித்து, கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ மனிதருக்கு 72 முதல் 90 கிராம். கஞ்சி அதன் பக்கத்தில்கூட வராது. மலிவான சாளை மீனும் சூடை மீனும் போதும், குழம்பில் உப்பைக் குறைத்தால் சரி. கருவாடு கூடாது என்றதும் முகம் வாடிவிடும். படுக்கும் முன் இரண்டு இட்லியோ, பாலில் கரைத்த கேழ்வரகோ கட்டாயம். "ராத்திரி பத்து மணிக்கா?" என்று கேட்காத வீடில்லை. பத்து மணிக்குத்தான்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு வீடுகளில் வருமானம் நின்றுவிடும். மாதம் ஒரு கிலோ ரேஷன் துவரம் பருப்பு குடும்பம் முழுவதற்கும் பங்காகும். அப்போது வருபவர்களிடம் முட்டையைத்தான் வற்புறுத்துகிறேன். கோழி வளர்க்கும் வீடாக இருந்தால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.