சிறுதட்டு குறைந்தது எத்தனையாம் நாள்?

திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் என் தங்கைக்குக் குறைமாதத்தில் பிறந்த மகனுடைய இரத்தப் பரிசோதனைத் தாளில், இரண்டாம் நாள், குருதிச் சிறுதட்டு (இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) தொண்ணூறாயிரம் என்று இருந்தது. நாங்கள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்க, குழந்தை வைத்தியரோ தங்கையின் கிளினிக் கொப்பியை வாங்கி, கடைசி இரண்டு மாதங்களில் எழுதப்பட்டிருந்த பிரஷர் அளவுகளின் மேல் விரலை ஓட்டினார்.

ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் 1,50,000 க்குக் குறைந்தால் அது குறைவு. 50,000 க்குக் கீழே போனால் கடுமையான குறைவு. ஆனால் எவ்வளவு என்பதைவிட எப்போது குறைந்தது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று அன்று விளங்கியது. பிறந்து 72 மணித்தியாலத்துக்குள் குறைந்தால், பெரும்பாலும் தாயின் உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, நச்சுக்கொடி சரிவர ஊட்டாததால் கருவில் வளர்ச்சி குன்றியமை, பிறப்பின்போது மூச்சுத்திணறல் போன்றவற்றைத் தேடுவார்கள். பிரஷரால் வரும் குறைவு நாலாம் நாளளவில் அடிமட்டத்தைத் தொட்டு, பொதுவாகப் பத்து நாளுக்குள் தானாக ஏறிவிடும். எங்கள் பிள்ளைக்கும் அப்படியே ஏறியது. மூன்று நாளுக்குப் பின்னர் சடுதியாக விழுமானால் நிலைமை வேறு: முதலில் கிருமித்தொற்றையும், குறைமாதக் குழந்தைகளில் குடல் அழற்சியையும் சந்தேகிக்க வேண்டும்.

குதிகாலில் குத்தி எடுத்த சொட்டு உறைந்துபோனாலும் எண் பொய்யாகக் குறையும் என்பதால், சில வேளை நாளத்திலிருந்து மறுபடி எடுப்பார்கள். அதற்காக யாரையும் கோபிக்கத் தேவையில்லை.

"சிறுதட்டு ஏத்துங்கோ" என்று மைத்துனர் வற்புறுத்தினார். குறைமாதக் குழந்தைகள் 660 பேரிடம் செய்யப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வில், 50,000 க்குக் கீழே இறங்கியதும் ஏற்றப்பட்ட குழந்தைகளிடையே, 25,000 வரை பொறுத்து ஏற்றப்பட்டவர்களைவிட இறப்போ பெரிய இரத்தக்கசிவோ கூடுதலாக இருந்தது. ஆகவே வைத்தியர் பொறுத்திருப்பதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளலாகாது.

2017 இல் கிண்ணியாவை உலுக்கிய டெங்கை மறக்காத எங்கள் மாவட்டத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரசவத்தை ஒட்டித் தாய்க்கு டெங்கு வந்திருந்தால் அது குழந்தைக்கும் தொற்றி, சில நாள் கழித்துக் காய்ச்சலோடு சிறுதட்டு இறங்கலாம். மாரி காலத்தில் பிரசவிக்கும் தாய் தனக்கு வந்த காய்ச்சலை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இவை எதுவுமில்லாமல், நன்றாகப் பிறந்த நிறைமாதக் குழந்தையின் தோலில் அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள் தெரிந்து, எண்ணிக்கையும் மிகக் குறைவாக இருந்தால், தந்தைவழி வந்த சிறுதட்டு வகைக்கு எதிராகத் தாயின் உடலில் பிறபொருளெதிரி (அந்நியமானதைத் தாக்கும் புரதம்) உருவாகி, குழந்தையின் சிறுதட்டுகளை அழித்திருக்கக்கூடும். இது தலைப்பிள்ளையிலேயே வரலாம். தாயின் சொந்த எண்ணிக்கை சரியாகவே இருக்கும். மூளையில் இரத்தம் கசியும் ஆபத்து இதில் கூடுதல் என்பதாலும், அடுத்த பிள்ளையைப் பெரும்பாலும் இன்னும் கடுமையாகத் தாக்கும் என்பதாலும், அடுத்த கர்ப்பத்தின் முதல் கிளினிக்கிலேயே இதைச் சொல்லிக் கொப்பியில் எழுதுவிக்க வேண்டும்.