நோகாத புண், கறுத்த பொருக்கு

கை வீங்கி வரும் பிள்ளைக்கு செப்ட்ரியாக்ஸோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை ஏற்றுவது மருத்துவமனை விடுதிப் பழக்கம். பெரும்பாலும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாடு, ஆட்டிடமிருந்து தொற்றும் அந்த்ராக்ஸில் மட்டும் அது கைகொடுக்காது. அந்தக் கிருமி செப்ட்ரியாக்ஸோன் போன்ற செபலோஸ்போரின் வகை மருந்துகளுக்கு இயல்பிலேயே அடங்காது.

திருகோணமலையில் இது அரிய நோய். ஆனாலும் கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் மாட்டுப்பட்டியோடு வளரும் பிள்ளைகள் நம்மிடம்தான் வருகிறார்கள்; மண்ணில் விழுந்த வித்திகளோ (கிருமி ஓடு கட்டி உறங்கும் வடிவம்) பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும்.

தொற்றி 1 முதல் 7 நாளில் பூச்சி கடித்ததுபோல ஒரு பரு எழும், சொறியும். ஓரிரு நாளில் அதைச் சுற்றி நீர்க்கொப்புளங்கள், பிறகு நடுவில் குழிந்து கறுத்த பொருக்கு. வீக்கம் புண்ணுக்குப் பொருந்தாத அளவு பெரிது. அழுத்தினால் குழி விழாது. முக்கியமாக, நோவு இல்லை. செல்லுலைட்டிஸ் (தோலடித் தொற்று) வந்த பிள்ளை தொடவே விடாது. இந்தப் பிள்ளை கையைத் தந்துவிட்டு வேறெங்கோ பார்க்கும். வேறு கிருமி சேர்ந்து சீழ் வைத்தால் நோகலாம். உண்ணிக் காய்ச்சலின் பொருக்கும் நோகாதுதான், ஆனால் அது சிறியது, வீக்கம் குறைவு, காய்ச்சலும் தலையிடியும் பலமாக இருக்கும். மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியாப் புண் மாதக்கணக்கில் ஊர்ந்து வளரும்.

தாயிடம் நேரே கேட்கலாம்: "அம்மா, பட்டியில மாடு, ஆடு ஏதும் திடீரெண்டு செத்ததா? வருத்தம் வந்தத அறுத்து இறைச்சி பங்கு போட்டவங்களா?" மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் முதலில் இல்லை என்பார்கள். பிள்ளையின் மருந்துக்காகத்தான் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டு இன்னொருமுறை கேட்க வேண்டும்.

மருந்துக்கு முன்னே மாதிரி. கொப்புள நீரை ஒற்றியெடுங்கள். காய்ந்திருந்தால் பொருக்கின் ஓரத்தை மெல்லத் தூக்கி அடியில் பஞ்சுக்குச்சியைச் சுழற்றுங்கள். மருந்து தொடங்கி ஒரு நாள் போனால் வளர்ப்பில் கிருமி பெரும்பாலும் கிடைக்காது. ஆய்வுகூடத்துக்குச் சந்தேகத்தைச் சொல்லாமல் அனுப்பினால், பசிலஸ் (அந்த்ராக்ஸ் கிருமியும் சேர்ந்த இனம்) என்றதும் வெளியிலிருந்து கலந்த அழுக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள்.

காய்ச்சலோ பெருவீக்கமோ இல்லாத, முகம் கழுத்தில் இல்லாத புண்ணுக்கு வாய்வழி மருந்து போதும். சிப்ரோஃப்ளொக்சசின் நாளுக்குக் கிலோவுக்கு 30 மி.கி.; 20 கிலோ பிள்ளைக்கு 300 மி.கி. இருவேளை. பெனிசிலினுக்கு அடங்கும் என்று ஆய்வுகூடம் உறுதிசெய்தால் அமொக்சிசிலின் நாளுக்குக் கிலோவுக்கு 75 மி.கி., அதே பிள்ளைக்கு 500 மி.கி. மூன்று வேளை. விலங்கிடமிருந்து வந்த தொற்றுக்கு 7 முதல் 10 நாள். 60 நாள் என்பது வித்தியை மூச்சில் இழுத்தவர்களுக்கு. சிப்ரோவோடு பாலும் தயிரும் சேர்ந்தால் மருந்து உடலில் சரியாகச் சேராது. எருமைத் தயிர் இல்லாமல் சோறு இறங்காத வீடுகளில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

பிறகு வருவதுதான் பொறுமையைச் சோதிக்கும். மருந்து வேலை செய்தாலும், முன்பே வெளியான நச்சால் பொருக்கு கறுத்துக்கொண்டே போகும். அதைப் பார்த்து மருந்தை மாற்றுவதும், கத்தி வைத்துச் சுரண்டுவதும் தவறு. வெட்டினால் கிருமி பரவலாம். மூடிக் கட்டிவிட்டு, வீக்கத்தையும் காய்ச்சலையும் பாருங்கள்.

கைக்குழந்தையில் அதுவும் போதாது. 2001இல் நியூயோர்க்கில் 7 மாதக் குழந்தையின் கைப்புண்ணைச் சிலந்திக்கடி என்றே முதலில் நினைத்தார்கள். சிவப்பணு சிதைந்து, சிறுநீரகமும் பாதிக்கப்பட்டது. ஆகவே குருதிக்கல எண்ணிக்கை, சோடியம், சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் தினமும் பார்க்க வேண்டும். காய்ச்சல், பரவும் வீக்கம், கழுத்துப் புண் இருந்தால் நாளம்வழி சிப்ரோவோடு கிளிண்டமைசின். மூளைக்காய்ச்சல் சந்தேகமானால் சிப்ரோ, மெரோபெனெம், லினெசோலிட் மூன்றும்.

அன்றே சுகாதார வைத்திய அதிகாரிக்கும் கால்நடை வைத்தியருக்கும் அறிவியுங்கள். செத்த மாட்டை யாரும் அறுத்துப் பார்க்கக் கூடாது. இரத்தத்தில் காற்றுப் பட்டதும் கிருமி வித்தியாக மாறத் தொடங்கும்.