முதலில் விரலைத்தான் பார்ப்பார்கள்

பாரம்பரிய ஜாஸ் வாசிக்கும் ஒருவரின் உருவப்படத்தை வரைந்து அவரிடமே காட்டினால், பெரும்பாலும் அவர் கண் முதலில் தன் முகத்துக்குப் போகாது. வாத்தியத்துக்குப் போகும், அடுத்து விரலுக்கு. முகம் கொஞ்சம் இளமையாக வந்திருந்தால் சிரித்துக்கொள்வார். டிரம்பெட்டின் வால்வுகள் மேல் இடது கை இருந்தால் அந்தப் படத்தின் கதை அங்கேயே முடிந்தது. ஓவியத்தையும் கச்சேரியையும் ஒரே அறையில் சேர்த்து நடத்தும் வேலையில் எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. வாசிப்பவருக்கு அது தொழில். வரைபவருக்கு அது வெறும் போஸாகத் தெரிந்தால் கொண்டாட்டம் பாதியிலேயே பொய்யாகிவிடும்.

இப்படிச் சேர்ப்பது புது நாகரிகமும் அல்ல. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரின் பிரெஞ்ச் குவார்ட்டர் பகுதியில், செயின்ட் பீட்டர் தெரு 726-ஆம் எண்ணில் இருக்கும் பிரசர்வேஷன் ஹால் 1950-களில் ஓவியக் கூடமாக இருந்த இடம். அதை நடத்திய லாரி போரென்ஸ்டீனுக்குக் கடையை விட்டுவிட்டு இசை கேட்கப் போக முடியவில்லை. ஆகவே வாசிப்பவர்களைக் கடைக்கே வரச் சொன்னார். 1961-இல் ஆலன் ஜாஃபி, சாண்ட்ரா ஜாஃபி தம்பதி பொறுப்பேற்ற பிறகு அது இசைக் கூடமாக நிலைத்தது. அந்தக் கலைஞர்களை நோயல் ராக்மோர் என்ற ஓவியர் 1960-களில் வரிசையாக வரைந்தார். சின்ன அறை, ஒலிபெருக்கி கிடையாது, மதுவும் கிடையாது. வரைபவர் வாசிப்பவரிடமிருந்து சில அடி தூரத்தில் உட்கார முடிந்தது. இன்றைக்கு மேடை போட்டு, விளக்கு போட்டு, இருபது அடி தள்ளி ஓவியத் தாங்கியை வைத்துவிட்டு, படம் உயிரில்லாமல் வருகிறதே என்று வருந்துகிறோம்.

நேரக் கணக்கிலிருந்து தொடங்கலாம். ஒரு பகுதி வாசிப்பு சுமார் 45 நிமிடம். அந்த 45 நிமிடமும் ஒருவர் ஒரே நிலையில் இருக்க மாட்டார். ஆனால் பாட்டின் அமைப்பு தெரிந்தவருக்கு எந்த நிலை எப்போது திரும்பி வரும் என்பது தெரியும். முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு கோரஸ், அதாவது பாட்டின் ஒரு முழுச் சுற்று, பிறகு தனித்தனி வாசிப்பு, கடைசியில் மறுபடி எல்லோரும். நம் ஊர்க் கச்சேரிப் பழக்கத்தில் ஆவர்த்தனத்தை எண்ணுவதுபோல இங்கே கோரஸை எண்ண வேண்டும். ஒரு பாருக்கு நான்கு தட்டு. நிமிடத்துக்கு 96 தட்டு வேகத்தில் 12 பார் ப்ளூஸ் ஒரு சுற்று சரியாக அரை நிமிடம். 192 தட்டு வேகத்தில் 32 பார் பாட்டு ஒரு சுற்று 40 வினாடி. டிரம்பெட்காரர் தன் தனி வாசிப்பை முடித்ததும் கிளாரினெட், டிராம்போன், பியானோ, பான்ஜோ என்று ஆளுக்கொரு சுற்று போனால், அவர் வாத்தியத்தை இறக்கி வைத்திருக்கும் நேரம் 2 நிமிடம் 40 வினாடி. முகத்தை வரைய வேண்டிய நேரம் அதுதான். வாத்தியம் உதட்டில் இருக்கும்போது வாயும் தாடையும் மறைந்து, கன்னம் இறுகி, முகமே வேறு முகமாகிவிடும். தோளும் கையும் கூட்டு வாசிப்பின்போது, முகம் மற்றவர் வாசிக்கும்போது. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் மூன்றாவது பாட்டில் ரப்பரைத் தேடுவார்கள்.

முதல் இரண்டு பாட்டுக்கு வண்ணத்தைத் தொடாமல் கரித்துண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 24க்கு 30 அங்குல கேன்வாஸ், முன்கூட்டியே பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பை மெல்லிசாகப் பூசிக் காயவைத்தது. வெள்ளைக் கேன்வாஸ் மங்கலான அறையில் கண்ணைக் கூசவைக்கும், இருட்டின் அளவு பிடிபடாது.

வாத்தியங்களுக்கு வருவோம். டிரம்பெட்டிலும் கார்னெட்டிலும் இடது கை பிடிக்கும், வலது கை வால்வை அழுத்தும். கிளாரினெட்டில் இடது கை மேலே, வலது கை கீழே. பழைய நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் பலர் வைத்திருந்தது பழைய கட்டை அமைப்புள்ள ஆல்பர்ட் முறைக் கிளாரினெட். ஜார்ஜ் லூயிஸ் வாசித்ததும் அதுதான். இப்போது கடையில் கிடைக்கும் போயம் முறைக் கிளாரினெட்டை முன்னால் வைத்துக்கொண்டு லூயிஸை வரைந்தால் கட்டைகளும் வளையங்களும் வேறாக இருக்கும். தூரத்தில் நிற்பவருக்குத் தெரியாது, கிளாரினெட்காரருக்கு நொடியில் தெரியும். பான்ஜோவில் இன்னும் மோசம். நாட்டுப்புறப் பாட்டுக்கான ஐந்து தந்தி பான்ஜோவைப் பார்த்து வரைந்து, கழுத்தின் நடுவில் அந்த ஐந்தாவது முறுக்காணியையும் அக்கறையாகச் சேர்த்துவிடுவார்கள். ஜாஸ் குழுவில் வழக்கமாக இருப்பது நான்கு தந்தி பான்ஜோ.

டிராம்போன் நீளத்தால் படுத்தும். சறுக்குக் குழலுக்கு ஏழு நிலைகள். ஏழாவதில் கை முழுக்க நீண்டு, படத்தின் விளிம்பைத் தாண்டிப் போய்விடும். முதல் நிலையில் வரைந்தால் கை முகத்தோடு ஒட்டிக்கொண்டு, ஆள் எதையோ ஒளித்துவைப்பதுபோல் இருக்கும். மூன்றாவது நிலைதான் வசதி. கை, மணிபோல் விரிந்த குழல் முனையின் விளிம்புக்குச் சற்று உள்ளே நிற்கும், முகம், கை, மணி மூன்றும் ஒரே சட்டத்துக்குள் அடங்கும். ஜிம் ராபின்சன் மாதிரி உயரமான டிராம்போன்காரருக்குக் கேன்வாஸைப் படுக்கையாகத் திருப்பிவிடுவதே நிம்மதி.

புகைப்படம் பார்த்து வரையும்போது வேறு ஆபத்து உண்டு. ஜாஸின் முதல் பெரும் பெயரான பட்டி போல்டனுக்கு நமக்குத் தெரிந்து ஒரே ஒரு புகைப்படம்தான், ஒலிப்பதிவு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தக் குழுப் புகைப்படம் இரண்டு பக்கமாகவும் அச்சாகியிருக்கிறது. ஒரு பக்கம் பார்த்தால் பாஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியக்காரரும் கிடார்காரரும் இடதுகைக்காரர்கள். திருப்பினால் கிளாரினெட்காரர்களின் கை மாறிவிடும். மூலப் பிரதி தொலைந்துபோனதால் சண்டை இன்னும் ஓயவில்லை. அதை வைத்து வரைபவர் எந்தப் பக்கத்தை நம்பினார் என்பதைப் படத்தின் கீழே எழுதிவிடுவது நேர்மை. அதற்காக இடது கையைக் கண்டதும் படத்தைத் திருப்பிவிடவும் கூடாது. பிரசர்வேஷன் ஹாலில் நெடுங்காலம் பான்ஜோ வாசித்த நார்வின் கிம்பால் உண்மையிலேயே இடதுகைக்காரர். அவரைத் ‘திருத்தி’ வரைந்தால் தெரியாத்தனம் இரண்டு மடங்கு. பான்ஜோவை மட்டும் பார்க்காமல் சட்டைப் பொத்தான், சுவரில் உள்ள எழுத்து, பின்னால் நிற்பவரின் டிரம்பெட் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

வண்ணத்தில் பொதுவாக நடக்கும் தவறு விளக்கிலிருந்து வருகிறது. 2700 கெல்வின் மஞ்சள் பல்பின் கீழே எல்லாமே இதமாகத் தெரியும். அந்த இதத்தை வண்ணத்தில் சேர்க்காமல் விட்டுவிடுவோம். மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் ஆள் காய்ச்சலில் படுத்ததுபோல் நீலம் பாரித்துக் கிடப்பார். நேர்மாறாக, கேன்வாஸுக்கு மட்டும் 5000 கெல்வின் விளக்கு போட்டால் மேடையின் மஞ்சள் முழுவதையும் அள்ளிப் பூசி, படம் ஆரஞ்சாகிவிடும். 4000 கெல்வின், நிறக்காட்டும் தரம் (CRI) 90க்கு மேல் உள்ள ஒரு கிளிப் விளக்கு நடுவாந்தரமான தீர்வு. அதன் பக்கங்களைக் கருப்புத் தகட்டால் மறைத்துவிடுங்கள். வாசிப்பவர் கண்ணில் பட்டால் அவர் திரும்பிக்கொள்வார், உங்கள் முக்கால் பக்க முகமும் கூடவே போய்விடும்.

பித்தளைக்குத் தனி நிறம் என்று ஒன்று கிடையாது, அது அறையைப் பிரதிபலிக்கிறது. பளீர் மஞ்சளைத் தடவினால் பிளாஸ்டிக் பொம்மை. யெல்லோ ஓக்கர், அம்பர், கொஞ்சம் பச்சை கலந்த சாம்பல், வாசிப்பவரின் சட்டை நிறத்தில் ஒரு கீற்று, உச்ச வெளிச்சம் மூன்றே இடத்தில். கருநிறத் தோலுக்குக் கறுப்பு ட்யூபைத் திறக்காமலிருப்பது நல்லது. பர்ன்ட் அம்பர் பழுப்பும் அல்ட்ராமரின் நீலமும் சேர்ந்தால் கிடைக்கும் இருட்டில் ஆழம் இருக்கும், அலிஸரின் சிவப்பு சேர்த்தால் உயிர் வரும். ஏழு பேர் உட்கார்ந்தால் ஏழு நிறம். ஒரே கலவையை எல்லோருக்கும் ஓட்டுவது சோம்பேறித்தனம் மட்டுமல்ல, அவமரியாதையும்கூட.

ஏற்பாடு செய்பவர்கள் மறந்தே போவது எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைன். ஊதுபவர்கள் நம்மைப்போல் மூச்சு விடுவதில்லை. ஒவ்வொரு இசைவரிக்கும் நெஞ்சு நிறைய இழுக்கிறார்கள். சின்ன அறையில் ஒரு கிண்ணம் டர்பன்டைன் திறந்திருந்தால் இரண்டாவது பாட்டிலேயே தொண்டை காந்தும், வயதானவருக்கு இருமல் வந்து வாசிப்பு நின்றுபோகும். அக்ரிலிக்கோ, தண்ணீரில் கரையும் எண்ணெய் வண்ணமோதான் கச்சேரிக்கு உகந்தது. அக்ரிலிக் மின்விசிறிக் காற்றில் வேகமாகக் காய்ந்துவிடும். ஈரத் தட்டும், காய்வதைத் தாமதப்படுத்தும் திரவமும் கைவசம் இருக்கட்டும்.

முன்பே வரைந்த படங்களை மாட்டுவது இன்னொரு தலைவலி. நின்று பார்ப்பவர்களுக்குப் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம் என்பது காட்சிக்கூட வழக்கம். கச்சேரியில் அந்த உயரத்தில் மேடைக்குப் பின்னால் மாட்டினால் தொப்பிகளும் பாஸின் கழுத்தும்தான் தெரியும். பக்கச் சுவர்தான் சரி. டிரம்ஸுக்குப் பின்னால் மாட்டவே கூடாது. இழுத்துக் கட்டிய கேன்வாஸும் ஒரு தோல்தானே, பாஸ் டிரம்மின் ஒவ்வொரு அடிக்கும் அதுவும் அதிரும். சட்டத்தின் மூலையில் செருகிய மர ஆப்பு தளர்ந்திருந்தால் ‘கிர்ர்’ என்று கூடவே பாடும். ஈரப்பதம் மிகுந்த நியூ ஆர்லியன்ஸ் மாதிரி ஊரில் கேன்வாஸ் தொய்வதால் இது சீக்கிரமே வரும். ட்யூபா என்னும் பெரிய ஊதுவாத்தியக்காரரைக் கீழ் ஸ்வரங்கள் வரை ஒருமுறை இறங்கிவரச் சொல்லுங்கள். அவர் ஊதும்போது ஒவ்வொரு சட்டத்தையும் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தால் எது நடுங்குகிறது என்பது தெரிந்துவிடும். கீழ் மூலைகளில் ஃபெல்ட் துண்டு ஒட்டினால் பாதிச் சத்தம் அடங்கும்.

காசு விஷயம் சுருக்கமாக: படம் விற்றால், அச்சுப் பிரதி போட்டால், அதில் இருப்பவருக்கு எவ்வளவு என்பதை வரைவதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். படம் அவருடைய ஒரு ராத்திரிச் சம்பளத்தைவிட அதிக விலைக்குப் போகும் தொழில் இது.

கடைசியாகப் பெயர்ச்சீட்டு. பெயர், பட்டப்பெயர், வாத்தியம், ஆண்டு. ஆண்டு என்று போட வேண்டியது படம் முடிந்த ஆண்டை அல்ல, அவர் எதிரே உட்கார்ந்த ஆண்டை. சிவப்புத் தொப்பியும் காலில் மணி கட்டிய பட்டையுமாகப் பியானோ வாசித்த ஸ்வீட் எம்மா பாரெட்டுக்கு 1967-இல் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் செயலிழந்தது. அதற்குப் பிறகும் வலது கையால் வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் கட்டைகளின் மேல் இருக்கும் எம்மா ஒருவர், இடது கையை மடியில் வைத்திருக்கும் எம்மா இன்னொருவர். சீட்டில் ஆண்டு தவறினால் எந்த எம்மாவைப் பார்க்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடும்.