மேயருக்கும் கவுன்சிலர்களுக்கும் நடுவில் மாட்டிய எங்கள் தெரு வடிகால்

எங்கள் தெருவுக்கு மழைநீர் வடிகால் வேண்டும் என்று நலச் சங்கத்தின் சார்பில் நான் மனு கொடுத்தது 2023 மழைக்காலத்தில். வேலை முடிந்தது 2025இல். நடுவில் பணம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. இளநிலைப் பொறியாளர் (ஜே.இ.) வந்து அளந்து எஸ்டிமேட்டும் போட்டுவிட்டார். மாநகராட்சிக் கமிஷனர் தன் அளவிலேயே அனுமதிக்கக்கூடிய தொகைக்கு மேல் போனதால், மேயரும் கவுன்சிலர்களும் கூடும் மாமன்றத்தின் தீர்மானம் தேவைப்பட்டது. அந்த ஒரு தீர்மானம்தான் மேயருக்கும் கவுன்சிலர்களுக்கும் நடந்த சண்டையில் சிக்கிக்கொண்டது. இப்படிச் சிக்கிக் கிடக்கும் தெருக்கள் வேறு ஊர்களிலும் இருக்கும். அவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். எங்கள் ஊர் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம்.

முதலில் ஒரு விஷயம். தமிழ்நாட்டில் 1996இல் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம். பிறகு முறை மாறி மாறி வந்தது. 2022 பிப்ரவரியில் நாம் ஓட்டுப் போட்டது கவுன்சிலர்களுக்கு மட்டும். மார்ச் 4ஆம் தேதி அந்தக் கவுன்சிலர்கள் கூடி 21 மாநகராட்சிகளுக்கும் மேயர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்சி மேலிடம் அறிவித்த பெயரை ஏற்றுக்கொண்டவர்களில் பலருக்கு உள்ளூர மனத்தாங்கல் இருந்தது. அதனால் பல ஊர்களில் மேயரோடு முட்டுவது எதிர்க்கட்சியைவிடச் சொந்தக் கட்சிக் கவுன்சிலர்கள்தான். எங்கள் ஊரிலும் அதே கதை. எங்கள் வார்டு கவுன்சிலர் மேயருக்கு எதிர்க் கோஷ்டி.

மன்றக் கூட்டத்தைப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பார்க்க விரும்புகிறவர்கள் மன்றச் செயலாளர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், எங்களுக்கு அனுமதி கிடைத்தது. சிவப்பு அங்கியும் சங்கிலியுமாக மேயர் வந்தார். திருக்குறள் வாசித்து முடிந்த கையோடு ஒரு கவுன்சிலர் எழுந்து, தன் வார்டில் குடிநீர் வரவில்லை என்று ஆரம்பித்தார். அவர் பேசி முடிக்கவில்லை, மேயர் மணியை அடித்தார். "உங்க வார்டுல போன வருஷம் போட்ட ரோடு என்ன கதியில இருக்குன்னு நான் படிக்கட்டுமா? யாரு காண்ட்ராக்டர், அவர் உங்களுக்கு என்ன உறவுன்னு சேர்த்துப் படிக்கட்டுமா?" என்றார். அவ்வளவுதான். நாலு பேர் எழுந்து மேடைக்கு முன்னால் வந்தார்கள். அஜெண்டா புத்தகம் கிழிந்து பறந்தது. மைக்கை அணைத்தார்கள். பாதிக்கு மேல் வெளிநடப்பு. அஜெண்டாவில் எங்கள் தெரு இருந்த பக்கத்துக்கு வரவேயில்லை. எல்லாப் பொருள்களும் ஒத்திவைப்பு என்று சொல்லிவிட்டு மேயர் எழுந்து போனார்.

அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்த ரோட்டில் நானே நடந்திருக்கிறேன், ஒரே மழையில் ஜல்லி மேலே வந்துவிட்டது. காண்ட்ராக்டர்களுக்கும் சில கவுன்சிலர்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நேருக்கு நேர் பேசும் தைரியம் அவருக்கு இருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு ஓர் இடம் இருந்தது: பொறியாளரை வைத்து ரோட்டைச் சோதிக்கச் சொல்லலாம், பில்லை நிறுத்தி வைக்கலாம், கமிஷனரிடம் எழுத்தில் கேட்கலாம். கூட்டம் நடுவே மிரட்டலாகக் கேட்டபோது அந்தக் காண்ட்ராக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் வராத வார்டும் வடிகால் இல்லாத எங்கள் தெருவும்தான் காத்திருந்தன.

அதற்கப்புறம் நாங்கள் பந்தாகிப்போனோம். கவுன்சிலரிடம் போனால், "அக்கா, உங்க தெருவை அந்தம்மா வேணும்னே கடைசில போடுறாங்க. நான் என்ன பண்ண?" மேயரின் குறைதீர் நாளில் போய் நின்றால், "ஏம்மா, உங்க கவுன்சிலர்தான கூட்டத்தையே நடத்த விடமாட்டேங்கிறார், அவரைப் போய்க் கேளுங்க." இரண்டு பேருமே நம்பும்படியாகத்தான் பேசினார்கள். 1100க்குப் போன் செய்து ‘முதல்வரின் முகவரி’ என்ற அரசின் குறைதீர் துறையிலும் பதிந்தோம். மன்ற ஒப்புதலுக்கு வைக்கப்பட்டுள்ளது என்று பதில் வந்து மனு முடிந்துவிட்டது. நமக்கு நாமே திட்டத்தில் போகலாமா என்றும் பேசினோம். மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும், எங்கள் தெருவால் முடியாது.

வழி திறந்தது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம். ஏன் தாமதம், யார் காரணம் என்றெல்லாம் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். எங்கள் தெரு எஸ்டிமேட்டின் நகல், அது எந்தெந்தக் கூட்டத்தில் அஜெண்டாவின் எந்தப் பொருள் எண்ணில் வந்தது, அந்தக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு, இந்தப் பொருளுக்கு யாராவது எழுத்தில் ஆட்சேபணை கொடுத்திருந்தால் அதன் நகல். இவ்வளவே கேட்டோம். சட்டப்படி 30 நாளில் தர வேண்டும், கொஞ்சம் இழுத்துத் தந்தார்கள். கடைசிக் கேள்விக்கு நேராக ஒரே வரி: "ஆட்சேபணை ஏதும் பெறப்படவில்லை."

அந்தத் தாளை நாங்கள் ஜெராக்ஸ் எடுத்துத் தெருவில் எல்லோருக்கும் கொடுத்தோம். பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம்: யாரையும் குறை சொல்ல வேண்டாம், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகவும் வேண்டாம். மனுவில் கவுன்சிலர் பெயரும் வராது, மேயரைப் பற்றிய புகாரும் வராது. தண்ணீர் நிற்கும் இடம், அங்கன்வாடிச் சுவரில் ஈரம் ஏறிய உயரம், பொருள் எண், இந்த ஒரு வரி. ஜனவரியில் நடந்த பகுதி சபையில், அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டத்தில், கவுன்சிலர் முன்னிலையிலேயே இதைப் படித்து, குறிப்பேட்டில் ஏற்ற வைத்தோம். அவர் கையெழுத்துப் போட்டார். போடாமல் இருக்க அவருக்குக் காரணம் இல்லை.

அதே தாளை மேயரிடம் கொடுத்தபோது அவர் விரல் அந்த வரியில் நின்றது. இரண்டு தடவை படித்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் தெருவுக்கு வந்துவிட்டார். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள் இறங்கி அங்கன்வாடி வரைக்கும் நடந்தார். உடன் வந்த பொறியாளரை எங்கள் முன்னாலேயே வறுத்தெடுத்தார். எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் நாலு நாளில் எஸ்டிமேட் புதிய விலை விகிதத்தில் திருத்தப்பட்டதும் அந்தச் சத்தத்தால்தான். கவுன்சிலருக்கோ கடும் கோபம், "என்கிட்ட சொல்லாம எப்படி அவங்களை வரவெச்சீங்க?" நாங்கள் அழைக்கவில்லை, அவராக வந்தார் என்று பகுதி சபைக் குறிப்பேட்டைக் காட்டித்தான் அவரைச் சமாதானப்படுத்தினோம்.

2024 ஜூலையில் கோவை, நெல்லை மேயர்கள் இருவரும் ஒரே நாளில் ராஜினாமா கொடுத்தார்கள். அதே மாதம் 29ஆம் தேதி காஞ்சிபுரம் மேயர்மீது கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம், கவுன்சிலர்கள் கூட்டத்துக்கு வராததால் தோற்றது. எங்கள் ஊரிலும் மேயருக்கு எதிராகக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று பேச்சு. கூட்டத்தைப் புறக்கணிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பல வார்டுகள் சேர்ந்த எங்கள் மண்டலத்தின் தலைவரைப் போய்ப் பார்த்தோம். அவர் இரண்டு பக்கமும் பேசக்கூடியவர். "சண்டை போடுறதை வேற பொருள்ல போட்டுக்கட்டும், மண்டல வேலைங்க எல்லாத்தையும் முதல்ல எடுத்து முடிச்சிடலாம்" என்றார். எனக்குத் தெரிந்து இந்த ஊர் அரசியலில் யாரும் சொல்லாத புத்திசாலித்தனமான வார்த்தை அது. எங்கள் மண்டலத்தின் வடிகால், சிறுபாலம், தெருவிளக்கு வேலைகள் ஒரே தொகுப்பாக அஜெண்டாவின் முதல் பக்கத்துக்கு வந்தன. எந்தக் கோஷ்டியாக இருந்தாலும் தன் வார்டு வேலை அதில் இருந்ததால் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தொகுப்பு முழுவதும் சில நிமிடங்களில் நிறைவேறியது. அடுத்த பொருளிலேயே சண்டை ஆரம்பித்து வெளிநடப்பில் முடிந்தது.

தீர்மான எண் கிடைத்த அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டெண்டர், வேலை உத்தரவு என்று எங்கே போய்க் கேட்டாலும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். எங்களுக்கு முதல் டெண்டரில் யாரும் வரவில்லை, இரண்டாவதில் ஒருவர் எடுத்தார். பூமி பூஜைக்கு மேயர் காலையிலும் கவுன்சிலர் மாலையிலும் வந்தார்கள். இரண்டுக்கும் நாங்களே தேங்காய் வாங்கி வைத்தோம்.

கான்கிரீட் போட்ட நாட்களில் சங்கத்தில் முறை வைத்து ஆள் நின்றோம். கம்பி இடைவெளியை எஸ்டிமேட் நகலோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், ஓரிடத்தில் குறைவாக இருந்ததைச் சொன்னதும் மேஸ்திரி மாற்றிக் கட்டினார். இந்த மழையில் அங்கன்வாடிக்குள் தண்ணீர் வரவில்லை. தெருமுனையில் மூடி ஸ்லாப் மட்டும் பாக்கி, அதற்கும் தீர்மான எண்ணைக் குறிப்பிட்டு மேயர், கவுன்சிலர் இருவருக்கும் ஒரே மனுவாகக் கொடுத்திருக்கிறோம்.