தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்: மரீ நாட்குறிப்பு

ஜூலை 9, ஃபரீனா

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து, வடக்கே பாலைவன ஊரான மரீ ஏறக்குறைய 685 கிலோமீட்டர். ஒரே மூச்சில் போய்விடலாம் என்று வீட்டில் வீரம் பேசிவிட்டுக் கிளம்பினேன். லிண்ட்ஹர்ஸ்ட் தாண்டியதும் பின் டயர் காற்றை விட்டது. ஜாக்கி வைத்தால் மண்ணுக்குள் இறங்குகிறது. கடைசியில் காய்கறி நறுக்கும் பலகையை அடியில் கொடுத்துத் தூக்கினேன். ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் வந்த வண்டிகள் இரண்டு. இரண்டுமே நின்று, தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் போயின.

மரீக்கு 55 கிலோமீட்டர் முன்னால் ஃபரீனா. லத்தீனில் ‘மாவு’ என்று பொருள். 1870-களில் சில வருடங்கள் நன்றாக மழை பெய்துவிட்டது. உடனே இங்கே கோதுமை விளையும் என்று மனை அளந்து, பெயரையும் வைத்துவிட்டார்கள். நில அளவைத் தலைவர் கோய்டர் 1865-லேயே வரைபடத்தில் ஒரு கோடு இழுத்து, இதற்கு வடக்கே வெள்ளாமையை நம்பாதீர்கள் என்று சொல்லியிருந்தார். ஃபரீனா அந்தக் கோட்டுக்கு வெகு வடக்கே இருக்கிறது. ஏர் போகும் இடத்துக்குப் பின்னாலேயே மழையும் போகும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. ஏர் வந்தது.

இப்போது கூரையில்லாத கல்சுவர்கள்தான் மிச்சம். தரைக்கடியில் இருக்கும் பழைய ரொட்டி அடுப்பை மட்டும் தன்னார்வலர்கள் குளிர்காலத்தில் சில வாரங்கள் வந்து மூட்டுகிறார்கள். சூடாக ஒரு பன் வாங்கித் தின்றேன். மாவு லாரியில் வருகிறது.

ஜூலை 10, மரீ

தங்கியிருப்பது 1883-இல் கட்டிய இரண்டு மாடிக் கல் ஹோட்டலில். சுற்றிலும் எல்லாம் தரையோடு தரையாக இருக்க, இது மட்டும் தப்பித் தவறி இங்கே இறக்கப்பட்டது போல நிற்கிறது. ஊரில் எத்தனை பேர் என்று கேட்டேன். “யாரும் வெளியூர் போகாமல் இருந்தால் அறுபது, எழுபது” என்றார் கல்லாவில் இருந்த அம்மா.

இந்த இடத்தில் ஏன் ஊர்? ஊற்று. இந்த மண்ணின் பழங்குடியினரான அரபானா மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த ஊற்றை, 1859-இல் நாடாய்வுப் பயணி ஸ்டூவர்ட்டின் குழுவில் இருந்த ஹெர்காட் என்பவர் ‘கண்டுபிடித்தார்’. ஊருக்கு முதலில் அவர் பெயர்தான்: ஹெர்காட் ஸ்பிரிங்ஸ். ஊற்றை ஒட்டி ஒட்டகங்கள் போயின. ஒட்டகம் போன தடத்தை ஒட்டி ரயில் வந்தது. நீராவி இன்ஜினுக்கும் தாகம் உண்டே. 1884-இல் ரயில் மரீக்கு வந்தது, 1929-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை போனது.

1957-இல் மரீ வரை பழையதைவிட அகலமான ‘ஸ்டாண்டர்ட் கேஜ்’ பாதை போட்டார்கள். அதற்கு வடக்கே பழைய குறுகிய பாதையே. ஆகவே வந்த ஆளும் மூட்டையும் மரீயில் இறங்கி அடுத்த ரயிலுக்கு மாற வேண்டும். ஊர் கொழித்த காலம் அது. 1980-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பாதையை வெகு தூரம் மேற்கே தள்ளிப் புதிதாகப் போட்டார்கள். டீசல் இன்ஜினுக்கு ஊற்றும் வேண்டாம், மரீயும் வேண்டாம்.

பழைய நிலையத்தில் டீசல் இன்ஜின்கள் வெயிலில் வெளுத்து நிற்கின்றன. படியில் ஏறிப் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கையின் பஞ்சு பிதுங்கி, அதற்குள் ஏதோ பறவை கூடு கட்டி முடித்துவிட்டுப் போயிருந்தது.

தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஹோட்டலும் வெள்ளைக்காரர் வீடுகளும். அந்தப் பக்கம் ‘கான் டவுன்’: ஒட்டகக்காரர்களும் அரபானா மக்களும். இருட்டுவதற்கு முன் அந்தப் பக்கம் நடந்து போனேன். முன்பு இங்கே இருந்த பள்ளிவாசலின் மாதிரி ஒன்றை மரமும் மண்ணும் கூரைத் தழையுமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். பத்துப் பேர் நின்றால் நிறைந்துவிடும். அசல் பள்ளிவாசல் 1880-களில் எழுந்தது. ஆஸ்திரேலியாவின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்று.

ஜூலை 10, இரவு

ஒட்டகக்காரர்களை இங்கே அழைக்கும் ‘ஆப்கானியர்’ என்ற சொல்லை நினைத்துக்கொண்டே படுத்திருக்கிறேன். கராச்சியிலிருந்து கப்பலேறியவர்களில் பலூச்சிகள், பஞ்சாபிகள், சிந்திகள், பெஷாவர்க்காரர்கள் எல்லோரும் உண்டு. வடக்கிலிருந்து வந்தவரையெல்லாம் நம் ஊரில் ‘சேட்டு’ என்று முடித்துவிடுவதைப் போல, இங்கே எல்லோரும் ஆப்கானியர், சுருக்கி ‘கான்’. பிறகு ரயிலுக்கும் அந்தப் பெயரே வந்துவிட்டது. அடிலெய்டிலிருந்து டார்வினுக்கு இன்றும் ஓடும் அந்தச் சொகுசு ரயிலின் சின்னம் ஒட்டகமும் அதன் மேல் ஒரு ஆளும். ரயில் மரீ பக்கம் வருவதில்லை.

ஜூலை 11, மரீ

காலையில் இடுகாடு. அதுவும் மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது: ஐரோப்பியர், ஆப்கானியர், பழங்குடியினர். வேலி இல்லை, ஆனால் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. முஸ்லிம்களின் கல்லறைகள் மட்டும் வேறு வாட்டத்தில், மக்காவைக் கணக்கிட்டு. சிலவற்றில் கல் இல்லை, விளிம்பு கட்டிய மண்மேடுதான்.

இந்த ஊரில் வாழ்ந்தவர்களில் பெயர் பெற்றவர் பெஜா தர்வேஷ், பலூச்சி. 1896-இல் கால்வர்ட் ஆய்வுப் பயணத்தில் ஒட்டகங்களை நடத்திக்கொண்டு மேற்கு ஆஸ்திரேலியாவின் மணல்மேடுகளைக் கடந்தவர். அந்தப் பயணத்தில் குழுவினர் இரண்டு பேர் தாகத்தில் இறந்துபோனார்கள். தலைவர் லாரன்ஸ் வெல்ஸ் தன் திசைகாட்டியையே பெஜாவுக்குப் பரிசாகக் கொடுத்தார். பிறகு பெஜா மரீயில் குடியேறி பேரீச்சை வளர்த்து, 1957-இல் காலமானார். மகன் ஜாக் 1939-இல் ஆய்வாளர் மாடிகனோடு சிம்ப்சன் பாலைவனத்தைக் கடந்தார், அதுவும் ஒட்டகத்தில்தான்.

திசைகாட்டி கொடுத்தார்கள், சரி. 1903-ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியர்களுக்குக் குடியுரிமை கிடையாது என்றது. பிறகு லாரி வந்தது. 1925-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ‘ஒட்டக அழிப்புச் சட்டம்’ என்றே பெயர் வைத்து ஒரு சட்டம்: பதிவு அடையாளம் இல்லாமல் திரியும் ஒட்டகங்களைச் சுட்டுக் கொல்லலாம். சுடுவதற்கு மனம் வராத ஒட்டகக்காரர்கள் பாலைவனத்தில் அவிழ்த்துவிட்டார்கள். இன்று ஆஸ்திரேலியப் பாலைவனங்களில் திரிபவை அவற்றின் வழிவந்தவை. ஊர் இப்போது ஆண்டுக்கு ஒருமுறை ஒட்டகப் பந்தயம் நடத்துகிறது.

ஹோட்டலில் லாரித் தபால்காரர் டாம் குரூஸுக்கு ஒரு மூலை உண்டு. 1936 முதல் பேர்ட்ஸ்வில்லுக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் மணலில் தபால் கொண்டுபோனவர். அவரைப் பற்றிப் பேச ஊரில் ஆள் இருக்கிறது. பெஜாவைப் பற்றிக் கேட்டால், “அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள்” என்கிறார்கள்.

பேரீச்சை மரத்தடியில் விழுந்து உலர்ந்த பழம் ஒன்றைப் பொறுக்கிக் கடித்தேன். கொட்டைமேல் ஒட்டிய தோல், வாய் நிறைய மணல். இனிப்பு இருந்தது.

ஜூலை 12, ஊட்னடாட்டா தடம்

மேற்கே 130 கிலோமீட்டர் போய் ‘பப்ளர்’ ஊற்றைப் பார்த்தேன். வெள்ளை உப்பு மேட்டின் நடுவே ஒரு குட்டை. அடியிலிருந்து மணல் குமிழ் ஒன்று கிளம்பி, ரசம் கொதிக்கத் தொடங்கும்போது நடு வட்டம் எழுவதுபோல எழுந்து உடைகிறது. கொதிப்பதில்லை, வெதுவெதுப்புதான். பெரும் ஆர்ட்டீசியன் படுகையின் நீர்; கிழக்கே எப்போதோ பெய்த மழை பல லட்சம் ஆண்டுகள் பாறைக்கடியில் நகர்ந்து இங்கே வெளியே வருகிறது. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் வரவில்லை.

ஜூலை 13, போர்ட் அகஸ்டா

டயர் கடையில் இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். படகுத்துறைக்கு நடந்தேன். 1866 தொடக்கத்தில் பண்ணை முதலாளி தாமஸ் எல்டர் வரவழைத்த நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்கள், கராச்சியிலிருந்து வந்த கப்பலிலிருந்து இறங்கிய ஊர் இது. குளிர் காற்று, ஒரே ஒருவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். என்ன மாட்டியது என்று கேட்டேன். இன்னும் ஒன்றுமில்லை என்று நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன்.