ஹார்ன்பில் திருவிழா: மேடையோடு திரும்பிவிடாதீர்கள்

ஹார்ன்பில் என்றால் நம்ம இருவாச்சிதான். அதன் பெயரில் நாகாலாந்தில் நாகா இனங்களின் ஆட்டமும் பாட்டுமாக 2000 முதல் விழா நடக்கிறது; இப்போது டிசம்பர் 1-10 தேதிகளில். இடம், கொஹிமாவிலிருந்து 12 கி.மீ. தூரத்திலுள்ள கிசாமா.

வருகிறவர்களில் பாதிப்பேர் நடு அரங்கில் உட்கார்ந்து படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே ஒரு குழுவுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதிலும் நாகா இனங்களில் ஒன்றான சாகேசாங் மக்களின் 'லி' பாட்டு, பல குரல்கள் வெவ்வேறு சுருதியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப்போவது. ஒலிபெருக்கியில் அது ஒரே இரைச்சலாகிவிடும். ஆட்டம் முடிந்ததும் குழுவின் பின்னாலேயே மோருங்குக்குப் போய்விடுங்கள். அந்தக் காலத்தில் ஊர் இளைஞர்கள் தங்கிய கூடம் அது; கிசாமாவில் ஒவ்வொரு இனத்துக்கும் ஒன்று உண்டு. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து மைக் இல்லாமல் பாடும்போதுதான் குரல்கள் பிரிந்து கேட்கும். மூங்கில் குவளையில் அரிசிக் கள்ளும் வரும். 1989 முதல் மதுவிலக்கு உள்ள மாநிலம் என்பது வேறு விஷயம்!

மரமுரசைத் தவறவிடாதீர்கள். முரசு என்கிறோமே தவிர, தோல் கிடையாது. முழு அடிமரத்தை மேலே நீளமாகக் கீறி, அந்தக் கீறல் வழியாகவே உள்ளே குடைந்து எடுப்பார்கள். இருபுறமும் வரிசையாக நின்று கட்டைகளால் இடிப்பார்கள், நெல் குத்துகிற மாதிரி. ஒருவர் கை பிந்தினாலும் காட்டிக்கொடுத்துவிடும். தீ, சாவு, எதிரி வருகை எல்லாவற்றையும் ஊருக்குச் சொன்னது இந்த மரம்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளம்.

வெளிமாநிலத்தவர் இன்னர் லைன் பெர்மிட் என்ற நுழைவு அனுமதி இல்லாமல் போகமுடியாது; ஆன்லைனில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். 2019 முதல் திமாப்பூருக்கும் அது வேண்டும். விமானமும் ரயிலும் அங்கேதான், பிறகு மலைப்பாதை. நிகழ்ச்சிகள் பகலில் நடப்பதால், மதியம் சாவகாசமாக வந்தால் முதல் சுற்று போச்சு. நாலரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், அப்புறம் குளிர் கடிக்கும். ஸ்வெட்டரைக் காரில் விட்டு வராதீர்கள்.

சால்வை வாங்கினால், யார் போர்த்துவது என்று கேட்டு வாங்குங்கள். நடுவில் வெள்ளைப் பட்டையில் மிதுன் மாடு, புலி, மனிதத் தலை தீட்டிய ஆவோ இனத்தின் சால்வை, ஒரு காலத்தில் எதிரியின் தலை கொய்தவனுக்கு உரியது. அழகாக இருக்கிறதே என்று அத்தைக்கு வாங்கிப்போகிறவர்கள் நிறையப் பேர்.