கோத்தகிரியில் ஒரு பாயிண்டர் குட்டி

கோத்தகிரியில் பாயிண்டர் வளர்க்கிறேன் என்று சொன்னால், வேட்டையே கூடாத மலையில் வேட்டை நாய் எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நீலகிரிக்கென்றே 1879-இல் வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, பருவம் பார்த்து, உரிமம் பெற்றுச் சுட்ட காலம் ஒன்று இங்கே இருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் அதற்கு வந்த திருத்தமும் அந்தக் காலத்தை முடித்துவைத்தன. முடிந்தது நல்லது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பறவை நாயின் வேலையில் துப்பாக்கி கடைசியில்தான் வருகிறது. காற்றில் மோப்பம் பிடித்து, புதருக்குள் பதுங்கிய பறவை இருக்கும் இடத்தை அறிந்து, அதைக் கலைக்காமல் அசையாது நின்று காட்டுவதே பாயிண்டரின் பிறவிக் குணம். அந்த நிலை வரைக்கும் குட்டியைக் கொண்டுவருவதே நான் மேற்கொண்டிருக்கும் பயிற்சி. அதற்கு அப்பால் எதுவும் எனக்கு வேண்டியதில்லை.

முதன்முறையாக நாய் வளர்ப்பவர்களுக்கு ஓட்டத்தையும் தேடலையும் முதலில் பழக்கத்தான் ஆசை வரும். இந்த மலையில் நிற்பதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சட்டத்தின் பார்வையில் சுடுவது மட்டும் வேட்டையாகாது. நாயை ஏவித் துரத்துவதும், விரட்டுவதும், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டையே. தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் மேயும் காட்டுக்கோழியின் பின்னால் குட்டி ஓடினால், விளையாட்டுக்குத்தானே ஓடுகிறது என்று விட்டுவிட முடியாது. பயிற்சிக்கும் அது கேடு. துரத்துவதன் ருசியைக் கண்டுவிட்ட நாய்க்குப் பறவையின் முன்னால் நிற்பதில் பிறகு மனம் தங்காது.

ஆகவே செம்பி என்று பெயரிட்டிருக்கும் இந்தப் பெட்டைக் குட்டிக்கு முதல் பாடம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நடந்தது. ‘நில்’ என்று சொல்லித் தட்டைத் தாழ்த்துவேன். அவள் அசைந்தால் ஒன்றும் பேசாமல் தட்டை உயர்த்திவிடுவேன். சில மூச்சு நேரம் நின்றால் சாப்பிட விடுவேன். தட்டின் முன்னால் நிற்கப் பழகியவள், வாசற்படியிலும், பிறகு உருண்டோடும் பந்தின் முன்னாலும் நின்றாள். அதே கட்டளையை விசிலுக்கு மாற்றினேன்: ஒரே நீண்ட ஊதலுக்கு நிற்க வேண்டும், விட்டுவிட்டு ஊதும் மூன்று குறுகிய ஊதல்களுக்கு வர வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் சற்றுத் தள்ளி நிற்கும் நாய்கூடக் கண்ணுக்குத் தெரியாத ஊர் இது. அப்போது நம் குரலில் பதற்றம் ஏறிவிடும், அதை நாய் உடனே கண்டுகொள்ளும். விசிலின் ஒலி எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்.

கூப்பிட்டால் வருவதைப் பழக்கும்போது, பக்கத்துத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சொன்ன வார்த்தை எனக்குப் பெரிதும் உதவியது. “பின்னால ஓடாதீங்க தம்பி. திரும்பி உங்க பாட்டுக்கு நடங்க, அது தானா வந்துரும்” என்றார். “வரலேன்னா என்னங்க ஐயா செய்யறது?” என்று கேட்டேன். “வரும். தனியா நிக்கறதுக்கு அதுக்குப் பயம்” என்றார். குட்டியை விரட்டிக்கொண்டு போனால், அது ஓடிப்பிடிக்கும் விளையாட்டு என்று எண்ணி இன்னும் தள்ளிப் போகும் என்பதை அவர் எத்தனையோ நாய்களைப் பார்த்து அறிந்திருந்தார்.

நீளக்கயிறு இல்லாமல் இந்தப் பயிற்சி நடக்காது. நைலான் கயிறு கையை அறுக்கும் என்பதால் தடித்த பருத்திக் கயிற்றையே பயன்படுத்துகிறேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே கயிறு நொடிக்கு நொடி சிக்கும். கேரட் எடுத்து முடித்த காட்டில், உரியவரிடம் கேட்டுக்கொண்டு பழக்குவது நல்லது.

மலைச்சரிவில் காற்றுக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. இதைப் புரிந்துகொள்ளாமல் இங்கே மோப்பப் பயிற்சி கொடுப்பது வீண். வெயில் ஏறியதும் சூடான காற்று சரிவின் வழியே மேலேறும். வெயில் விலகி நிலம் ஆறியதும் குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தை நோக்கி இறங்கும். நாய் காற்றை எதிர்கொண்டு நடந்தால்தான் வாசம் தூரத்திலேயே கிடைக்கும் என்பதால், முற்பகலில் மேலிருந்து கீழாகவும் பிற்பகலில் வெயில் விலகிய சரிவில் கீழிருந்து மேலாகவும் அழைத்துச் செல்கிறேன். சந்தேகம் வந்தால் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் புகை போகும் திசையைப் பார்த்துக்கொள்வேன். காற்று முதுகுப்பக்கமிருந்து வந்தால், வாசம் எட்டுவதற்கு முன்பே நாய் பறவையின் மேல் போய் விழுந்துவிடும். அதற்குக் குட்டியைக் கடிந்துகொள்வது அநியாயம். ஈரம் நிறைந்த விடியலும் அந்தியும் மோப்பத்துக்கு மிக உகந்தவை என்றாலும், நாயைத் தூக்கிச் செல்லும் சிறுத்தை நடமாடும் வேளையும் அவையே. அதனால் வெயில் நன்றாக வந்தபின் கிளம்பி, இருட்டுவதற்கு வெகு முன்பே வீடு திரும்பிவிடுகிறோம்.

காட்டுப் பறவைகளை நான் பயிற்சிக்குப் பயன்படுத்துவதில்லை. இறைச்சிக் கடையில் கேட்டு வாங்கிய பண்ணைக் காடையின் இறகுகளைத் துணிப்பையில் கட்டிப் புல்லுக்குள் மறைத்துவைக்கிறேன். தூண்டில் கோலில் இறகைக் கட்டி ஆட்டினாலும் குட்டி நிற்கும், பார்ப்பதற்கும் அழகாக இருக்கும். ஆனால் அது கண்ணால் கண்டு நிற்பது. அதை நீட்டித்தால் மூக்கை விட்டுக் கண்ணையே நம்பும் பழக்கம் வந்துவிடும் என்பதால் சீக்கிரமே நிறுத்திவிட்டேன். மறைத்துவைத்த பையின் வாசம் முதன்முதலில் எட்டியபோது, வரப்போரமாக ஓடிக்கொண்டிருந்த செம்பி பாதி அடியில் திரும்பி அப்படியே நின்றாள். முன்னங்கால் ஒன்று மடங்கி அந்தரத்தில் இருந்தது, வால் விறைத்து நீண்டது, மூக்குத் துவாரங்கள் மட்டும் விரிந்து சுருங்கின. கயிற்றைக் கைமாற்றிக்கொண்டே மெல்ல நெருங்கி, அவள் இடுப்பைப் பின்னாலிருந்து லேசாக முன்னே தள்ளினேன். அப்படித் தள்ளினால் நாய் எதிர்த்து உடம்பை இறுக்கி, முன்னிலும் உறுதியாக நிற்கும். அவளும் நின்றாள். அந்த நேரத்தில் பேசக் கூடாது, பாராட்டக்கூடக் கூடாது. விலாவை நீளமாகத் தடவிக்கொடுப்பதே போதும்.

பொருளை எடுத்துவரும் பழக்கத்தை வீட்டு நடைபாதையில் தொடங்கலாம். சுருட்டிய காலுறையை எறிந்தால், குட்டி நம்மிடம் திரும்புவதைத் தவிர வேறு வழியிருக்காது. பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும் மாதங்களில் இதை நிறுத்திவைக்க வேண்டும். வாய் வலியோடு கவ்வினால் அந்த வேலையின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். வெடிச்சத்தமும் இங்கே தவிர்க்க முடியாதது. காட்டெருமையையும் பன்றியையும் விரட்ட விவசாயிகள் பட்டாசு வெடிக்கிறார்கள். தொலைவில் சத்தம் கேட்கும்போதெல்லாம் செம்பிக்குப் பிடித்த தீனியை வைத்துவிடுகிறேன்.

கயிற்றை அவிழ்த்துவிடும் கட்டம் இன்னும் வரவில்லை. விசிலுக்கு ஒவ்வொரு முறையும் நிற்கிறாள் என்பது உறுதியாகும் வரை அவிழ்க்கப்போவதில்லை; அவிழ்த்தாலும் வேலியிட்ட நிலத்துக்குள்தான். தரையில் கூடு கட்டும் நீலகிரி நெட்டைக்காலி வாழும் மேட்டுப் புல்வெளிகளுக்கு அவளைக் கயிற்றோடுகூட அழைத்துச் செல்லமாட்டேன். எலும்பும் மூட்டும் வளர்ந்து முடியும் வரை செங்குத்தான சரிவில் நெடுநேரம் ஓடவிட வேண்டாம் என்று கால்நடை மருத்துவரும் சொல்லியிருக்கிறார். இப்போதைக்கு வரும் மழைமாதங்களுக்கு வீட்டுக்குள் செய்யக்கூடிய பயிற்சிகளையும், உண்ணிக்கும் அட்டைக்குமான மருந்தையும் தயார்செய்து வைத்திருக்கிறேன்.